கூட்டிவா சேர்

மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரையிலும் கூட்டிவா சேரிடம் ஏச்சு வாங்காத தகப்பன் ஒருவர்கூடக் கிடையாது. வயல்காரர், வள்ளக்காரர், கிராம சேவகர், கோயில் வண்ணக்கர், ஒருமுறை சீருடையோடு வந்த பொலிஸ்காரர் என்று எல்லோரும் அவர் முன்னால் கைகட்டி இருந்தவர்கள்தான். பிள்ளைகளை அவர் ஏசியதே இல்லை. அடித்ததும் இல்லை. "அடிச்சா என்ர கைதானே நோகும்" என்பார். அவருக்குத் தெரிந்த தண்டனை ஒன்றே ஒன்று. "நாளைக்கு அப்பாவைக் கூட்டி வா."

பெயர் அப்படி வந்ததுதான். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது. அங்கே தவிர வேறு எங்கும் அதற்கு வேலை இருக்கவில்லை.

நான் வாழைச்சேனைக்காரி. கணிதம் படிப்பிக்க அந்த வாவிக்கரைப் பள்ளிக்கூடத்துக்கு நியமனம் கிடைத்துப் போனபோது அவர் ஒழுக்காற்றுப் பொறுப்பாசிரியராக இருந்து பதினைந்து வருடமாகியிருந்தது. புவியியல் படிப்பித்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆள் மிகவும் குள்ளம். வருகிற தகப்பன்மார் எல்லாம் தன்னைவிட உயரமாக இருக்கிறார்கள், அண்ணாந்து பார்த்து ஏசினால் ஏச்சு எடுபடாது என்று கண்டுபிடித்து, ஒரு விடுமுறை நாளில் வீட்டிலிருந்து கைவாள் கொண்டுவந்து ஒரு கதிரையின் நாலு காலையும் நாலு விரல் அளவு அறுத்துவிட்டார். அதற்குத் தகப்பன் கதிரை என்று பெயர். அதில் இருந்தால் எப்பேர்ப்பட்ட ஆளுக்கும் முழங்கால் நெஞ்சுக்கு வரும்.

நான் போன முதல் வாரம், பிந்தி வந்த ஒரு பையனின் தகப்பன் வயல் வட்டையிலிருந்து நேரே வந்திருந்தார். சூடடிக்கிற காலம். காலில் சேறு, தலையில் வைக்கோல்.

"எத்தினை மணிக்கு எழும்புற நீங்க?" என்று கேட்டார் சேர்.

"நாலு மணிக்கு சேர்."

"இவன்?"

"ஏழு, ஏழரை ஆகும் சேர்."

"நாலு மணிக்கு எழும்புற ஆளுக்குப் பக்கத்தில படுக்கிறவன எழுப்ப ஏலாதா? கை இல்லையா உங்களுக்கு?"

மனிதர் தன் கைகளை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

ஏச்சோடு முடியாது. சேரின் சட்டப்படி தகப்பன் ஒரு பாடம் முழுக்க மகனுக்குப் பக்கத்தில் வகுப்பில் இருக்கவேண்டும். அந்த வயல்காரர் சேரின் புவியியல் பாடத்திலேயே போய் இருந்தார். சேர் பருவக்காற்றைப் பற்றிப் படிப்பித்துக்கொண்டிருந்தார். நடுப்பாடத்தில் தகப்பன் எழும்பி, "சேர், வாடைக் காத்து அப்பிடி வாறல்ல. இஞ்சால வளைஞ்சு வரும்" என்றார். இரண்டு பேரும் கரும்பலகைக்கு முன்னால் நின்று மணி அடிக்கும்வரை வாதாடினார்கள். மறுநாள் யாரும் கூப்பிடாமலே அந்த மனிதர் வந்து மூன்றாம் வாங்கில் உட்கார்ந்திருந்தார். பாடம் இன்னும் முடியவில்லையாம்.

இந்தச் சட்டத்துக்கு ஆள் பார்க்கிற பழக்கம் கிடையாது. எங்கள் அதிபரின் மகன் எட்டாம் ஆண்டில் படித்தான். ஆசிரியர் அறைத் தண்ணீர்ப் பானைக்குள் தவளை பிடித்துப் போட்டான்.

"நாளைக்கு அப்பாவைக் கூட்டி வா."

"அப்பா பக்கத்து அறையிலதான் சேர் இருக்காரு."

"அப்ப உனக்குச் சுகம். ஏழரைக்குக் கூட்டி வா."

அதிபர் அன்றைக்கே வந்து, "என்ன சேர், நான் இஞ்சதானே இருக்கன். சொல்லுறத இப்பவே சொல்லுங்களன்" என்றார்.

"இப்ப நீங்க அதிபர். நாளைக்குத் தகப்பனா வாங்க."

வந்தார். செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்து அறுத்த கதிரையில் இருந்தார். "வீட்டில புள்ளையக் கவனிக்கிறல்லையா?" என்று சேர் கேட்டதற்கு, "பள்ளிக்கூட வேலை கூட சேர்" என்றார். "அது எல்லாத் தகப்பனும் சொல்லுற சாட்டு" என்று பதில் வந்தது. பிறகு எட்டாம் ஆண்டில் என்னுடைய கணித பாடத்தில் மகனோடு வந்து இருந்தார். அன்றைக்குப் பார்த்து வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒருவர் சொல்லாமல் வந்துவிட்டார். அதிபர் அறை வெறுமையாகக் கிடக்க, பள்ளிக்கூடம் முழுக்கத் தேடி, கடைசியில் பின்னம் வகுத்துக்கொண்டிருந்த அதிபரைக் கண்டுபிடித்தார். அதிபர் இதை மறக்கவில்லை. மறக்கிற ஆளும் அவர் இல்லை.

தகப்பன்மாருக்கு வேலை இருக்கும், பயம் இருக்கும், வெட்கம் இருக்கும். எல்லோரும் வரமாட்டார்கள். அந்தக் குறையைத் தீர்த்துவைத்தவர் கச்சான் நானா. காத்தான்குடியிலிருந்து சைக்கிளில் வந்து பள்ளிக்கூட வாசலில் வறுத்த கச்சான் கடலை விற்பவர். தகப்பனைக் கூட்டிவரப் பயந்த பையன்கள் நானாவிடம் போய் இரண்டு சுருள் கச்சான் வாங்கிக்கொண்டு விசயத்தைச் சொல்வார்கள். அவர் தொப்பியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, தகப்பனாக உள்ளே வருவார்.

முதல் தடவை அவர் வந்தபோது விசாரணைக் குறிப்பு எழுத நான் அந்த அறையில் இருந்தேன். பையனின் பெயர் முருகதாஸ். நெற்றியில் திருநீறு. நானா ஏச்சையெல்லாம் தலைகுனிந்து அழகாகக் கேட்டார். கடைசியில்தான் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார். பையன் பக்கம் திரும்பி, "இனிமே இப்பிடி ஒரு கத என்ட காதுக்கு வந்திச்சோ, வாப்பா உண்ட கால முறிச்சுப் போடுவன்!" என்றார்.

முருகதாஸ் கண்ணை மூடிக்கொண்டான். வாப்பா என்று சொல்லும் தகப்பன் முருகதாஸுக்கு எங்கிருந்து வந்தார் என்று நான் பேனாவைத் தூக்கியபடி இருந்தேன். சேர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"உங்களுக்கு எத்தினை புள்ளையள்?" என்று கேட்டார்.

"ரெண்டு... இல்ல சேர், இவரோட மூணு."

"சந்தோசம். போயிற்று வாங்க."

அதற்குப் பிறகு நானா அடிக்கடி வந்தார். ஒவ்வொரு முறையும் சேர் அதே கேள்வியைக் கேட்பார்.

"இப்ப எத்தினை?"

"எட்டு சேர்."

"போன மாசம் ஆறு எண்டீங்க."

"ஆண்டவன் தந்தா வாணாம் எண்டு சொல்லேலுமா சேர்?"

ஏன் இதற்கு இடம்கொடுக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "ரீச்சர், சொன்ன நேரத்துக்கு வாறான். ஏச்ச மரியாதையாக் கேக்கிறான். போகேக்க பொடியனுக்குப் புத்தி சொல்லிற்றுப் போறான். இதவிட ஒரு தகப்பன் என்ன செய்ய வேணும்?" என்றார்.

பிறகு கடல் ஊருக்குள் வந்தது. அதைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை. எல்லோரும் எழுதியாகிவிட்டது. கடலுக்கும் வாவிக்கும் நடுவிலிருந்த ஊர்களிலிருந்துதான் எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் வந்தார்கள் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். பள்ளிக்கூடம் சில வாரம் அகதி முகாமாக இருந்து, பிறகு திறந்தது. வாசலில் கச்சான் நானா இல்லை. உயிரோடு இருக்கிறாரா என்று யாருக்கும் தெரியாது.

திறந்த அன்று ஒரு பையன் மேசைக்கு மேசை தாவி ஓடிக்கொண்டிருந்தான். சேர் வாசலில் வந்து நின்று, வழக்கம்போல வாயைத் திறந்தார். "நாளைக்கு அப்பா..." என்றவர் அப்படியே நிறுத்திக்கொண்டார். பையன் மேசைமேல் நின்று அவரைப் பார்த்தான். சேர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு அந்த வசனத்தை அவர் சொல்லவேயில்லை.

அதை விட்டால் அவருக்கு வேறு தொழில் தெரியாது. ஒருவனை வெயிலில் நிற்கச் சொன்னார். ஐந்து நிமிடத்தில் அவனை மரத்தடிக்கு மாற்றினார். இன்னும் ஐந்து நிமிடத்தில் கதிரை கொண்டுபோய்க் கொடுத்தார். இன்னொருவனிடம் 'இனிச் சத்தம் போடமாட்டேன்' என்று நூறு தரம் எழுதச் சொன்னார். கொப்பி இல்லை என்றான். தன் கொப்பியைக் கொடுத்தார். பேனையும் இல்லை என்றான். அதற்குள் மணி அடித்துவிட்டது. யாரோ பிரம்பு ஒன்று கொடுத்தார்கள். அவர் அதில் தன் அறை யன்னலுக்குத் திரைச்சீலை தொங்கவிட்டார். பள்ளிக்கூடம் சந்தையாகிவிட்டது. "உங்கட ஆட்சி முடிஞ்சுது சேர்" என்று அதிபர் சொன்னபோது அவர் ஓம் என்று தலையாட்டினார்.

இந்த நிலைமையில்தான் சுதனின் விசயம் நடந்தது. சுதன் என்னுடைய பத்தாம் ஆண்டு வகுப்பு. தாய், தகப்பன், தங்கச்சி மூவரையும் கடல் கொண்டுபோனது. சித்தி குவைத்துக்கு வேலைக்குப் போயிருந்தாள். முகாமில் அயலவர்களோடு இருந்தான்.

அந்த மாதங்களில் கிழமைக்கு ஒரு நிவாரண அமைப்பு வெள்ளை வாகனத்தில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வரும். வருகிறவர்கள் நல்லவர்கள். ஆனால் எல்லோரும் ஒரே பாடத்தைப் படித்துவிட்டு வந்திருந்தார்கள். பிள்ளைகளை வட்டமாக இருத்தி, வர்ணங்களைக் கொடுத்து, கடலைப் படமாகக் கீறச் சொல்வார்கள். மனப்பாரம் குறையுமாம். நாலாவது கிழமை வந்தவர்களும் கடலைக் கீறச் சொன்னபோது, சுதன் நீலப் பெயின்ற் வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய், அவர்களுடைய வெள்ளை வாகனத்தின் மேல் முழுவதையும் ஊற்றிவிட்டு வந்து வகுப்பில் இருந்தான்.

அந்த அமைப்புத்தான் எங்களுக்கு இரண்டு மாடிக் கட்டடம் தருவதாகச் சொல்லியிருந்தது. அதிபர் நடுங்கிப்போனார். விடுகைப் பத்திரம் கொடுத்து அனுப்புவது என்று தீர்மானித்துவிட்டார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் பதினைந்து வயதுப் பையன் பள்ளிக்கூடம் இல்லாமல் வீதியில் நின்றால், அவனை யார் வந்து கூட்டிக்கொண்டு போவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். துவக்கு வைத்திருந்த எல்லோருக்கும் ஆள் தேவைப்பட்டது. அதிபருக்கும் அது தெரியும். ஆனாலும் கட்டடம் கண்ணுக்கு முன்னால் நின்றது.

விதிப்படி பாதுகாவலரைக் கூப்பிட்டு ஒரு விசாரணை வைக்கவேண்டும். சேரின் அறையில் வைத்தோம். அதிபர் பெரிய கதிரையில். நான் குறிப்பெழுத. சேர் குற்றத்தை வாசிக்க. சுதன் சுவரோரம் நின்றான். தகப்பன் கதிரை வெறுமையாகக் கிடந்தது. முதல்நாள் அவன் வாசலில் போய்க் கச்சான் நானாவின் சைக்கிள் முன்பு நின்ற இடத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றதை நான் கண்டிருந்தேன்.

"ஆர் வந்திருக்கிற?" என்று கேட்டார் அதிபர்.

"ஆரும் இல்ல சேர்."

"அப்ப என்ன செய்யிற? நான் எழுதத்தான் வேணும்." அதிபர் பேனையைத் திறந்தார்.

கூட்டிவா சேர் கையிலிருந்த குற்றப்பத்திரத்தை இரண்டாக மடித்து என் மேசையில் வைத்தார். "மிச்சத்த நீங்க வாசிங்க ரீச்சர்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் நினைத்தோம். கதவைச் சாத்திவிட்டும் போனார். எனக்கு அவர்மேல் சரியான ஆத்திரம். இந்த நேரத்தில் விட்டுவிட்டுப் போகிற மனிதனா என்று மனதுக்குள் ஏசினேன்.

ஒரு நிமிடத்தில் கதவு தட்டப்பட்டது.

"ஆர்? உள்ள வாங்க" என்றார் அதிபர்.

சேர்தான். செருப்பைக் கழற்றி வெளியே விட்டிருந்தார். மடித்துவிட்டிருந்த சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் போட்டிருந்தார். குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கைகட்டிக்கொண்டு, வாசலுக்கு உள்ளே ஓர் அடி வைத்து நின்றார். இத்தனை வருடமாக அவர் அறைக்கு வந்த தகப்பன்மார் எல்லாம் அந்த இடத்தில் அப்படித்தான் நின்றார்கள்.

"வரச் சொன்னீங்களாம் சேர்" என்றார்.

"என்ன விளையாட்டு இது?"

"இவன் எங்கட பொடியன் சேர். ஏச்சுக் கேக்க வந்திருக்கன்."

சொல்லிவிட்டு நேரே போய் அறுத்த கதிரையில் இருந்தார். அந்தக் கதிரை எவ்வளவு தாழ்வானது என்பது அதுவரை அவருக்குத் தெரியாது போலும். குள்ளமான மனிதர். மேசைக்குப் பின்னால் தலை மட்டும்தான் தெரிந்தது.

அதிபர் பேனையை மூடி வைத்தார். தவளை விசயத்துக்குப் பிறகு எத்தனை வருடம் காத்திருந்தார் என்று எனக்குத் தெரியும். கதிரையில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, அதே வசனத்தை எடுத்தார்.

"வீட்டில புள்ளையக் கவனிக்கிறல்லையா?"

"இல்ல சேர். கவனிக்கல்ல."

"எங்க படுக்கிறான், ஆரோட சாப்பிடுறான் எண்டு ஒருநாளாவது கேட்டீங்களா?"

"கேக்கல்ல சேர்."

"இவ்வளவு பெரிய வேலை பாத்திருக்கான். ஏன் செய்த எண்டாவது கேட்டீங்களா?"

"அதுவும் கேக்கல்ல சேர்."

அதிபரின் குரல் இந்த இடத்தில் இறங்கிவிட்டது. அவரும் கேட்கவில்லை. வகுப்பாசிரியை நான், நானும் கேட்கவில்லை. பெயின்றைக் கழுவுவது எப்படி என்றுதான் எல்லோரும் மூன்று நாளாகக் கதைத்துக்கொண்டிருந்தோம்.

சேர் கதிரையில் இருந்தபடியே பையன் பக்கம் திரும்பினார். "ஏன் மனே ஊத்தின?"

சுதன் நிலத்தைப் பார்த்தபடி, "ஒவ்வொரு கிழமையும் கடலக் கீறச் சொல்றாங்க சேர். நீலம் முடிஞ்சா சொல்லமாட்டாங்கதானே" என்றான்.

அதிபர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிந்தும் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு விடுகைப் பத்திரப் புத்தகத்தை எடுத்து மேசை லாச்சிக்குள் போட்டார்.

"இஞ்சத்தச் சட்டம் தெரியும்தானே?" என்றார் சேரைப் பார்த்து.

"தெரியும் சேர்."

"ஒரு பாடம் முழுக்க. வகுப்பில. புள்ளைக்குப் பக்கத்தில."

அதுவும் என்னுடைய பாடம்தான். இருபடிச் சமன்பாடு. கூட்டிவா சேர் சுதனோடு இரண்டாம் வாங்கில் இருந்து ஒரு கணக்கைச் செய்து பார்த்தார். பிழைத்துவிட்டது. சுதன் அழிறப்பர் எடுத்து அழித்துவிட்டுக் காட்டிக்கொடுத்தான். அன்றைக்கு அந்த வகுப்பில் ஒரு சத்தம் இல்லை.

பெயின்றுக்காக அந்த அமைப்பு ஒன்றும் கோபிக்கவில்லை. கட்டடமும் வந்தது. அடுத்த கிழமை வந்தவர்கள் மரம் கீறச் சொன்னார்கள்.

அதன் பிறகு சேருக்குப் பழைய சுறுசுறுப்பு வந்துவிட்டது. குற்றம் செய்தவனிடம், "நாளைக்கு ஆரையாவது கூட்டி வா" என்பார். யாரும் இல்லை என்று பையன் தலையாட்டுவான். "சரி, நானே வாறன்" என்பார். மறுநாள் தானே பெரிய கதிரையில் இருந்து எதிரேயிருக்கும் வெறும் கதிரையை ஏசுவார். ஏசி முடிந்ததும் எழும்பிப் போய் அறுத்த கதிரையில் இருந்து, "ஓம் சேர், இனிக் கவனமாப் பாப்பன் சேர்" என்பார். திரும்ப இங்கே வந்து, "சாட்டுச் சொல்லாதீங்க!" என்பார். யன்னலால் யாராவது பார்த்தால் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுவார்கள். பையன் நடுவில் நின்று, சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டிருப்பான்.

கச்சான் நானாவும் அந்த வருடக் கடைசியில் வந்து சேர்ந்தார். வீடும் சைக்கிளும் போய்விட, குடும்பத்தோடு ஏறாவூரில் சொந்தக்காரர் வீட்டில் இருந்தாராம். பிறகு சண்டை திரும்பவும் பெரிதாகி, கிரான் பக்கமிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் இடம்பெயர்ந்த பிள்ளைகள் வந்தார்கள். அவர்களுடைய தகப்பன்மார் இல்லாமல் போனதற்குக் கடல் காரணம் இல்லை. ஷெல் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே சேர் இந்தக் கதிரைக்கும் அந்தக் கதிரைக்கும் நடந்துகொண்டிருந்தார். யுத்தம் முடியும்வரை எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒழுக்கக்கேட்டுக்காக ஒரு பிள்ளையும் வெளியே போகவில்லை.

யுத்தம் முடிந்த வருடம்தான் அவருக்கும் ஓய்வு வந்தது. விழாவில் பேசச் சொன்னோம். மாட்டேன் என்றுவிட்டார். குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டவரோடு வாசல்வரை நானும் போனேன். நானா தன் புதிய கச்சான் வண்டிலை நிறுத்திவிட்டு அவர் முன்னால் வந்து நின்றார்.

"சேருக்கு எத்தின புள்ளயள்?" என்று கேட்டார்.

சேர் யோசித்தார். விரல்விட்டு எண்ணிப் பார்த்து, "நாப்பத்திரண்டு" என்றார். "உங்களுக்கு?"

"நான் பதினாலோட நிப்பாட்டிட்டன் சேர்."

நானா ஒரு பெரிய சுருள் கச்சானை அவர் கையில் வைத்தார். அவர் அதைத் தின்றுகொண்டே போனார்.

சேர் இறந்து சில வருடமாகிறது. இப்போது அந்த அறையில் நான் இருக்கிறேன். காலம் மாறிவிட்டது. இந்தக் காலத்தில் தகப்பனை ஏசினால் வலயக் கல்வி அலுவலகத்துக்குக் கடிதம் போகும். வருகிறவர்களுக்கென்று குஷன் வைத்த கதிரை இரண்டு வாங்கிப் போட்டிருக்கிறேன். அறுத்த கதிரை மூலையில் கிடக்கிறது. எறிய மனமில்லை.

போன மாதம் ஆறாம் ஆண்டுப் பையன் ஒருவன் கண்ணாடி யன்னலை உடைத்துவிட்டான். தகப்பனைக் கூட்டிவரச் சொன்னேன். சொன்ன நேரத்துக்குத் தகப்பன் வந்தான். தலை கொஞ்சம் நரைத்திருந்தது, ஆனாலும் சுதனை எனக்கு உடனே தெரிந்துவிட்டது. செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தவன், குஷன் கதிரையைக் கடந்து மூலைக்குப் போய், அறுத்த கதிரையை இழுத்துப் போட்டு இருந்தான். முழங்கால் நெஞ்சுக்கு வந்தது.

"அதில ஏன் மனே? நல்ல கதிரை இருக்கு. இஞ்ச வா."

"வேணாம் ரீச்சர். எங்கட வீட்டு ஆள் இருந்த கதிரை இதுதான்" என்றான்.

எனக்கு அன்றைக்கு ஏச வரவில்லை. சேர் இருந்திருந்தால் ஏசியிருப்பார்.